118 வெள்ளிக்கு வாங்கிய மூளை மாதிரி: ஆறு மாதம் கழித்து

கோலாலம்பூர் ஜாலான் பகாங் பக்கம், மருத்துவ மாணவர்களுக்கான பொருட்கள் விற்கும் ஒரு சின்னக் கடையில் இதை வாங்கினேன். உண்மையான மூளையின் அளவு, எட்டுத் துண்டுகளாகப் பிரிக்கலாம், அடியில் ஒரு வெள்ளைத் தட்டு. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்பதால் வகுப்புக்கு வாங்குகிறேன் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். வாங்கியது அம்மாவுக்காக.

தம்பிக்கு 22 வயதில் மனச்சிதைவு நோய் என்று சொன்னார்கள். இப்போது 31. மாத்திரையும் மாதம் ஓர் ஊசியுமாக நன்றாகவே இருக்கிறான், செந்தூலில் கார் கழுவும் கடையில் வேலை. முதல் இரண்டு வருடம்தான் கொடுமை. யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுங்க" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். 1911 முதல் அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது. எத்தனையோ பேரைக் கவனித்துக்கொண்ட ஊரின் பெயரை நம் வீடுகளில் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அம்மா யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. வயிற்றில் தம்பி ஏழு மாதமாக இருந்தபோது ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்தார். அதனால்தான் இப்படி ஆனது என்று யாரோ சொன்னது அவர் மனதில் ஒன்பது வருடமாகக் கிடந்தது.

சரி, பொருளைப் பற்றிச் சொல்கிறேன். பிளாஸ்டிக் வாடை ஒரு வாரம் போகவில்லை. பெட்டியில் வந்த தாளில் ஆங்கிலமும் சீனமும் மட்டும்தான்; தமிழ்ப் பெயர்களை நானே சிறு தாள்களில் எழுதி ஒட்டினேன். எடை மிகக் குறைவு. "மூளை இவ்ளோ லேசா?" என்று அம்மா கேட்டார். உண்மையில் 1.3, 1.4 கிலோ இருக்கும் என்று சொல்லி, ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தோடு கொஞ்சம் பருப்பும் சேர்த்து அவர் கையில் வைத்தேன்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வண்ணப்பூச்சுதான். பச்சை, மஞ்சள், நீலம் என்று பகுதிக்கு ஒரு நிறம். பூசும்போது சாயம் பள்ளங்களில் தேங்கி, ஏற்கெனவே ஆழமில்லாத பள்ளங்களைத் தூர்த்துவிட்டது. மூளை மேலுறையில் மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. அந்த முக்கியமான விஷயம் இதில் தெரியவே தெரியாது. விரல் நகத்தை வைத்தாலே பள்ளத்தின் அடி தட்டுகிறது.

ஆனால் இரண்டு பாதிகளையும் நடுவில் பிரித்தால், உள்பக்கம் நன்றாகச் செய்திருக்கிறார்கள். நடுவில் வெள்ளையாக ஒரு வில். அதற்கு மேலே ஒரு மேடு, அதையொட்டி ஒரு பள்ளம். அதற்கும் மேலே, இடது பாதியில் மட்டும், முன்பக்கமாக இன்னொரு மெல்லிய கோடு இணையாக ஓடுகிறது. வலது பாதியில் அது இல்லை. இதற்குப் பாராசிங்குலேட் பள்ளம் என்று பெயர். மனிதருக்கு மனிதர் மாறும். சிலருக்கு நீளம், சிலருக்குக் குட்டை, சிலருக்குக் கிடையாது. இடப்பக்கம்தான் அதிகம் காணப்படும். இந்த ஒரு கோட்டுக்காகவே 118 வெள்ளி தகும் என்பேன்.

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2015இல் மனச்சிதைவு உள்ள 113 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்தார்கள். இல்லாத குரல்களைக் கேட்டவர்களுக்கும், இல்லாத உருவங்களைப் பார்த்தவர்களுக்கும் இந்தப் பள்ளம் சராசரியாகக் குட்டையாக இருந்தது. ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் அப்படிப்பட்ட அனுபவம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 20 விழுக்காடு கூடியது. எது நம் நினைப்பு, எது வெளியே உண்மையில் நடந்தது என்று பிரித்தறியும் வேலையில் இந்த இடத்துக்குப் பங்கு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

இதை அம்மாவிடம் சொல்லும்போது ஒரு தப்புச் செய்துவிட்டேன். இது குழந்தை பிறப்பதற்கு முன்னால் கடைசியாக உருவாகும் பள்ளங்களில் ஒன்று என்றேன். கோட்டைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் விரல் நின்றுவிட்டது.

"அப்ப வயித்துல இருக்கும்போதுதானே? நான் அங்க போனது ஏழாம் மாசம்."

எனக்குப் பேச்சே வரவில்லை. ஆறுதலுக்கு என்று வாங்கிவந்த பொருள் அவர் பயத்துக்கே சாட்சி சொல்வதுபோல் ஆகிவிட்டது. அப்புறம்தான் அவருடைய தையல் மெஷின் கண்ணில் பட்டது. இருபது வருடம் தீபாவளிக்கு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாவாடை தைத்துக் கொடுத்தவர் அவர்.

"ரெண்டு மீட்டர் துணிய இருபத்து நாலு இன்ச் பட்டியில ஏத்தணும்னா என்ன செய்வீங்கம்மா?"

"சுருக்குதான் பிடிக்கணும்."

அதேதான். கருவில் ஐந்தாம் மாதம் வரை மூளை ஏறக்குறைய வழவழப்பாகத்தான் இருக்கும். பிறகு மேலுறை உள்பகுதியைவிட வேகமாகப் பெருகுகிறது. இடம் போதாமல் மடிகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மகாதேவன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2016இல் இதைச் செய்தே காட்டினார்கள். 22 வாரக் கருவின் மூளை வடிவில் ஜெல் செய்து, மேலே மெல்லியதாக இன்னோர் அடுக்கு பூசி, ஒரு திரவத்தில் போட்டார்கள். மேலடுக்கு ஊதியது. சில நிமிடங்களில் உண்மையான மூளையைப் போன்ற மடிப்புகள் விழுந்துவிட்டன. எந்த மடிப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்பதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. சாவு வீட்டுக்கு இதில் வேலையே இல்லை.

அம்மா மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே கையால தச்சாலும் ஒரு பாவாடைல விழுந்த சுருக்கு இன்னொண்ணுல விழாது" என்றார். பிறகு சமையலறைக்குப் போய்விட்டார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் பின்னாலேயே போகவில்லை.

தம்பியின் கேள்வி வேறு. "எனக்கு அந்தக் கோடு இல்லையா அக்கா?" தெரியாது என்றுதான் சொன்னேன். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போனபோது மருத்துவரிடம் கேட்டோம். தம்பிக்கு எடுத்த ஸ்கேன் கட்டி, கிட்டி இருக்கிறதா என்று பார்க்க எடுத்தது, ஒருவரின் பள்ளத்தை அளந்து நோயைச் சொல்ல முடியாது என்று பொறுமையாக விளக்கினார். நோய் எதுவும் இல்லாத 53 பேரை வைத்து 2011இல் நடந்த ஆய்வில், இரண்டு பக்கமும் இந்தப் பள்ளம் இல்லாதவர்கள்கூட இருந்தார்கள். எது கற்பனை, எது உண்மையில் பார்த்தது என்று நினைவுபடுத்துவதில் மட்டும் அவர்கள் கொஞ்சம் தடுமாறினார்கள். மற்றபடி எல்லாரையும் போல வாழ்பவர்கள். இதைக் கேட்டதும் தம்பிக்கு நிம்மதி. காரில் வரும்போது அவனாகவே இரண்டு முறை சொன்னான்.

ஆகவே வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்து, குற்றவுணர்ச்சியில் யாராவது உருகிக்கொண்டிருந்தால், வாங்குங்கள். வெறும் படத்தைக் காட்டினால் அம்மா இப்படிக் கேட்டிருக்க மாட்டார், கையில் பிடித்ததால்தான் கேட்டார். ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று யோசித்துவிடுங்கள். நான் யோசிக்கவில்லை. வண்ணம் பூசாத மாதிரி கிடைத்தால் அதையே எடுங்கள். கடையிலேயே நடுவில் பிரித்து, உள்பக்கக் கோடுகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு குறை, வலப்பக்கக் காதோரத் துண்டின் ஆணி தளர்வு. தூக்கினாலே விழுந்துவிடும். கடைக்குக் கொண்டுபோனேன், பெட்டியைப் பிரித்துவிட்டதால் மாற்றித் தர முடியாது என்றார்கள். அம்மா அந்த ஆணியில் தையல் நூலை ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றினார். இப்போது கச்சிதமாக உட்கார்கிறது. கையில் அப்போது நீல நூல்தான் இருந்தது, அந்தத் துண்டைக் கழற்றினால் தெரியும்.