ஐரோப்பா கப்பல் பயணம் என்று சொல்லி ரூ.11,60,000 வாங்கிவிட்டார்கள்: வேலூர்க்காரர்கள் தயவுசெய்து படிக்கவும்

எட்டுப் பேர் சேர்ந்து கட்டிய ரூ.11,60,000 போய்விட்டது. கப்பலும் இல்லை, விசாவும் இல்லை, போனை எடுக்க ஆளும் இல்லை. நேற்றுதான் எல்லாம் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் யாராவது வெளிநாட்டு டூருக்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

காட்பாடி ரோட்டில் ஒரு மாடியில் நடக்கும் டிராவல் ஏஜென்சி. பெயரை இப்போது போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எங்கள் 25-ஆவது கல்யாண நாளுக்காகத்தான் இந்த ஏற்பாடு. நானும் மனைவியும், மச்சினியும் சகலையும், குடியாத்தத்து நண்பர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு, ஆக நாலு ஜோடி. பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, ரோமுக்குப் போக இறங்கும் சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ் என்று ஒரு வாரம். தலைக்கு ரூ.1,45,000 முன்பணம், மீதி விசா வந்த பிறகு.

அந்த ஏஜென்சி ஆள் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கே வந்தான். ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) 30,000 யூரோவுக்குக் குறையாமல் இன்சூரன்ஸ் வேண்டும், கப்பல் கட்டணம் வேறு, ஊழியர்களுக்கான டிப்ஸ் வேறு என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். சொன்னது அத்தனையும் சரியான தகவல். ஏமாற்ற வந்தவன் செலவைக் கூட்டியா சொல்லுவான்? என் மனைவி சாப்பாட்டுக்கு யோசித்தபோது, "அக்கா, கப்பல்ல இந்தியன் வெஜ் உண்டு, நானே மெயில் போட்டுடறேன்" என்றான். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். அப்புறம் ஒரு புக்கிங் நம்பரைக் கொடுத்து, "சார், உங்க போன்லயே பாருங்க" என்றான். கப்பல் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் போட்டேன். கப்பல் பெயர், தேதி, பால்கனி வைத்த நாலு அறை, பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எங்கள் எட்டுப் பேர் பெயர். எல்லாம் வந்தது. அதற்கு மேல் ஒரு மனுஷன் எதைச் சரிபார்ப்பான்? மறுநாளே ரூ.11,60,000 போனது. சகலை ஆரணியில் சீட்டு எடுத்த பணம், ஒரு நண்பருக்கு ரிட்டயர்மென்ட்டில் வந்த பணம், எல்லாம் அதில் இருக்கிறது.

அந்த நம்பர் நிஜம்தான். அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. கப்பல் அறைகளை ஏஜென்ட்டுகள் பணம் கட்டாமலேயே சில நாள் பிடித்து வைக்கலாம். அதை 'ஆப்ஷன்' என்கிறார்கள். கெடுவுக்குள் டெபாசிட் போகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும். எங்கள் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கப்பல் கம்பெனிக்குப் போகவில்லை. அவர்களிடம் நேரடியாகக் கேட்டபோது சொன்னது இது.

நடுவில் அவன் சொன்ன சாக்குகள் கொஞ்சமா? சென்னை விசா மையத்தில் ஸ்லாட் கிடைக்கவில்லை என்றான். கப்பல் கம்பெனி சர்வர் மாறுகிறது, அதனால் புக்கிங் நம்பர் காட்டாது என்றான். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பார்ட்னர் துபாயில் இருக்கிறார், அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றான். ஆபீஸுக்குப் போனால் அங்கே இருக்கிற பெண் "சார் மீட்டிங்ல இருக்காரு" என்கிறது. வாட்ஸ்அப்பில் நீல டிக் வரும், பதில் வராது. கடைசியாக, அடுத்த வருஷம் வேறு கப்பலுக்கு கிரெடிட் நோட் தருகிறேன் என்றான். வீட்டுக்கு வந்து என் மனைவி கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவன், அவள் போன் செய்தால் கட் பண்ணுகிறான். பணத்தைவிட அதுதான் வயிறெரிகிறது.

பில்லில் டிசிஎஸ் (வெளிநாட்டு டூருக்கு ஏஜென்சியே நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) என்று தனியாகப் போட்டு வாங்கினான். அந்தக் காலாண்டுக் கணக்கு ஏற வேண்டிய நேரம் கழித்து வருமான வரித் தளத்தில் என் பெயரில் கட்டிய வரியெல்லாம் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் அப்படி ஒரு வரவே இல்லை. ஆக வரியென்று வாங்கியதையும் கட்டவில்லை. போலீஸில் இது சிவில் மேட்டர் மாதிரி இருக்கிறது என்று இழுக்கிறார்கள். ரூ.11,60,000, எட்டுப் பேரின் சேமிப்பு, அதெப்படி வெறும் சிவில் மேட்டர் ஆகும்?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது நேரமில்லை. அவசரமாகச் சிலது: புக்கிங் நம்பர் வந்தால் போதாது, 'டெபாசிட் வந்து சேர்ந்ததா' என்று கப்பல் கம்பெனியிடமே மெயில் போட்டு எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் கம்பெனிக்கே கார்டில் கட்டுங்கள். டிசிஎஸ் வாங்கினால் 26ஏஎஸ்ஸில் பாருங்கள். ஆன்லைனில் பணம் போய் ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம். நுகர்வோர் உதவிக்கு 1915.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கப் போகிறோம். இதே மாதிரி காட்பாடி ரோட்டில் கப்பல் டூருக்குப் பணம் கட்டியவர்கள் ரசீது, வாட்ஸ்அப் சாட் எதையும் அழிக்காமல் என்னைத் தொடர்புகொள்ளுங்கள். சேர்ந்தே மனு கொடுப்போம்.