தடைக்காலம் முடிஞ்சா யார் தூக்குறது?

சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு விமானம், அங்கிருந்து கார், நேரே ராமேஸ்வரம் தீவில் உள்ள எங்கள் ஊர் தங்கச்சிமடம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போக ஆசைதான், நேரம் ஒத்துவரவில்லை. பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நகரத்து மருத்துவமனை ஒன்று அனுப்பிவிட்டது. வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயர்தான் இருந்தது.

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இதே கவலையில் இருப்பவர்களுக்காக, ஊரில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்று எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை (வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற பராமரிப்பு) நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவார்கள் என்பது எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம், நர்ஸ் வந்தார். பெரியப்பாவைப் புரட்டிப் பார்த்து, முதுகுக்குக் கீழே சிவந்திருந்த இடத்தைக் காட்டி, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும்" என்றார். வலிக்குக் கொடுக்கிற மார்பின் (morphine) மாத்திரை பழக்கமாகிவிடுமோ என்று மதினிக்குப் பயம். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுக்கிற வரை அந்தப் பயம் வேண்டாம், மலச்சிக்கல்தான் வரும், அதற்கான மருந்தைச் சேர்த்தே கொடுங்கள் என்று பொறுமையாக விளக்கினார்.

கிடைக்காதது ஆக்குபேஷனல் தெரபி. குளிப்பது, சாப்பிடுவது, உட்காருவது, பிடித்த வேலையைச் செய்வது, இதையெல்லாம் இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு எப்படித் தொடர்வது என்று வழிகாட்டுகிறவர்கள். விசாரித்ததில் ராமநாதபுரத்தில் குழந்தைகளுக்கான தெரபி மையத்தில் வேலை செய்கிற ஒரு பெண் கிடைத்தார். முடிவு நெருங்கும் நோயாளிகளைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

வந்தவர் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. "ஐயா, ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் மூச்சு இருக்குன்னு வைங்க. அதை எதுக்குச் செலவு பண்ணுவீங்க?" என்றார். பெரியம்மா முந்திக்கொண்டு "ஜெபத்துக்கு" என்றார். பெரியப்பா யோசித்து, "வலை" என்றார்.

அதிலிருந்துதான் எல்லாமே மாறியது. காலையில் தானே குளித்து, சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு இளைத்துவிடும், அப்புறம் மதியம் வரை படுக்கைதான். இப்போது குளியல் சாயங்காலம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மதினி தண்ணீர் ஊற்ற. சட்டைக்குப் பதில் துண்டு. காலை நேரம் முழுக்க நண்டு வலைக்கு. முன்னால் ஒரு ஸ்டூலில் தலையணை போட்டு, முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் முன்சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சு சீராகிறது. டேபிள் ஃபேன் முகத்துக்கு நேரே. பத்துக் கண்ணி பின்னினால் கொஞ்ச நேரம் ஓய்வு. அந்தப் பின்னலை வாங்க யாரும் வரப்போவதில்லை. ஆனால் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுக்க, இவர் முடிச்சு சரியில்லை என்று திட்ட, அந்த வீட்டில் ரொம்ப நாளைக்கு அப்புறம் சத்தம் கேட்டது.

பெரியம்மாவை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. எங்கள் பக்கம் பாசம் என்றால் ஊட்டிவிடுவது. "அவர் கையில கரண்டியைக் குடுத்துட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தா ஊர் என்ன சொல்லும்?" என்றார். தெரபிஸ்ட் வாதம் செய்யவில்லை. கரண்டிப் பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கிப் பெரியப்பாவிடம் கொடுத்தார். முதல் பாதி அவரே சாப்பிடுவது, மிச்சத்தைப் பெரியம்மா ஊட்டுவது என்று பேச்சு முடிந்தது.

நான் போனது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அண்ணனும் மச்சானும் வீட்டில் இருந்ததால் தூக்கி உட்காரவைக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. தெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, "ஜூன் 15-க்கு அப்புறம் யார் தூக்குவீங்க?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

அதனால் மதினிக்கும் அவர் மகளுக்கும்தான் பயிற்சி. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் புரட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, அப்புறம் தோளைத் தாங்கி எழுப்ப வேண்டும். கட்டிலில் மேலே நகர்த்த, மடித்த போர்வையை இடுப்புக்குக் கீழே விரித்து இருபக்கமும் பிடித்து இழுப்பது. கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியதில் மதினியின் இடுப்புவலியும் குறைந்தது. கையிலும் முதுகெலும்பிலும் பரவல் இல்லை என்று டாக்டரிடம் போனில் கேட்ட பிறகு, கட்டில் கால்மாட்டில் ஒரு படகுக் கயிறு. அதைப் பிடித்து ஓரளவு தானே எழும்ப, சாண் இடைவெளியில் முடிச்சுகள். முடிச்சு போட்டது பெரியப்பாதான், வேறு யாரையும் விடவில்லை.

வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய வீல்சேர் திண்ணையில் துருப்பிடிக்கிறது. வாசல் மணலில் சின்னச் சக்கரம் புதைந்துவிடும். வாங்கும் முன் வீட்டு வாசலை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காற்று மெத்தை பயன்படுகிறது, ஆனால் கரண்ட் போனால் எவ்வளவு நேரம் காற்று நிற்கும் என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், மெத்தை இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தாதீர்கள். பணம் அனுப்புகிறவர்கள் இராக்கண் விழிக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் அனுப்பினால் மதினிமார் கொஞ்சம் தூங்குவார்கள்.