நாட்டு நாய்க்குட்டி வாங்க டிஎன்ஏ டெஸ்டா, நேர்ல பாக்குறதா?
நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் நாட்டுக்குட்டி வாங்குறவங்க இப்போ குட்டி என்ன இனம், கலப்பான்னு பாக்க டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமான்னு கேக்காங்க, எனக்கு நேர்ல போய் தாய் தகப்பன பாக்குறதுதான் நம்பிக்கை. டெஸ்டுக்கு கன்னத்து உள்பக்கம் பஞ்சுக்குச்சிய தேச்சு அனுப்பணும், பால் குடிச்ச உடனே எடுத்தா தாயோட செல்லும் கலந்து ரிசல்ட் குழம்பிரும். அதவிட பெரிய கவலை, லேப் தன்கிட்ட இருக்க இனங்களோட மட்டும்தான் ஒப்பிடும், அந்தப் பட்டியல்ல சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நம்ம நாட்டு நாய் இனங்க இல்லன்னா கிட்டத்துல வர்ற ஏதோ வெளிநாட்டு பேர குடுத்துரும், அத நம்பி நல்ல குட்டிய கலப்புன்னு தெருவுல விட்டா பாவம்லா.

நேர்ல பாத்தா நடை, குணம் தெரியும். வெள்ளையா இருக்க ராஜபாளையம் இனம்னா குட்டிக்குப் பின்னால நின்னு கை தட்டிப் பாருங்க, வெள்ள நாய்ல பிறவிச் செவிடு உண்டு. ஆனா கலப்ப வெறும் கண்ணால கண்டுபிடிக்கது கஷ்டம், பெத்ததுங்க சாயலே குட்டியில வராம போகும், அதுல டெஸ்ட்தான் மேல்.