வரிக்குதிரை மீனா, மெடாக்காவா? நரம்பு நச்சியலில் இரு சிறுமீன்கள்

ஒரு வேதிப்பொருள் வளரும் மூளையைப் பாதிக்கிறதா என்பதை அறிய எலிகளை மட்டுமே நம்பியிருந்த ஆய்வகங்களில், கங்கைச் சமவெளி ஓடைகளுக்குரிய வரிக்குதிரை மீனும், ஜப்பானிய நெல்வயல்களின் மெடாக்காவும் இன்று இடம்பிடித்துள்ளன. 2013-இல் வெளியான மரபணுத் தொகுதியின்படி, மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு வரிக்குதிரை மீனில் இணை உண்டு. அதன் முட்டை மூன்று நாளுக்குள் பொரிந்துவிடுகிறது. கண்ணாடிபோல் தெளிந்த அதன் உடலுக்குள் நரம்புகள் உருவாவதை நுண்ணோக்கியில் நேரடியாகக் காணலாம். ஐந்தாம் நாளிலேயே குஞ்சு நீந்துவதால், 96 குழித் தட்டில் குழிக்கு ஒன்றாக விட்டு, விளக்கை அணைத்ததும் அதன் துள்ளல் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணினியால் அளந்து, பூச்சிக்கொல்லியின் தாக்கத்தை மதிப்பிட இயலும்.

மெடாக்கா பொரிய ஒரு வாரத்துக்கும் மேலாகும். கடினமான முட்டையுறை சில நச்சுகள் உட்புகுவதையும் தடுக்கிறது. ஆனால் அதன் மரபணுத் தொகுதி அளவில் வரிக்குதிரை மீனுடையதில் ஏறத்தாழ பாதியே. குளிரையும் வெப்பத்தையும் உப்பையும் அது தாங்கும். ஆகவே கழிமுக மாசுகளை ஆராய்வோர்க்கு மெடாக்காவே ஏற்றது. நூற்றுக்கணக்கான பொருள்களை விரைந்து சலித்தெடுக்க விரும்பினால், நான் தயங்காமல் வரிக்குதிரை மீனையே தேர்வேன். எனினும் மீனுக்குப் பாலூட்டிகளைப் போன்ற பெருமூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) இல்லை என்பதால், நினைவாற்றல் இழப்பு குறித்த முடிவுகளை இவ்விரண்டிலிருந்தும் நேரடியாக மனிதருக்குப் பொருத்திவிட முடியாது.