காரைக்குடிப் பக்கத்துச் சபைக்கு எந்த நாட்டுச் சபை தோதுப்படும்?

வெளிநாட்டுச் சபை ஒன்றோடு உறவு வைத்துக்கொள்ளலாமே என்ற பேச்சு காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் அவ்வப்போது கிளம்பும். உடனே எல்லார் மனசும் மேற்கே போய்விடும். லுத்தரன்களுக்கு ஜெர்மனியின் லைப்சிக் மிஷனும் ஸ்வீடன் மிஷனும் பழைய சொந்தம். திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு இன்றும் ஸ்வீடன் மிஷன் என்றுதான் பெயர். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளுக்கு 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன். அதற்கு அடுத்தபடி சிங்கப்பூர், மலேசியா. யாழ்ப்பாணத்தை முதலில் சொல்கிற ஆளைக் காண்பது அரிது. என் ஓட்டு யாழ்ப்பாணத்துக்குத்தான்.

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடுவோம், கமிட்டியில் பாதி நேரம் அதற்குத்தானே போகிறது. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை, வெளிநாட்டுச் சபையிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். பதிவு உள்ள ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றிவிடுகிற பழைய வழியும் அடைபட்டுவிட்டது. கீபோர்டு, ஸ்பீக்கர் என்று பொருளாக வந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். ஜெர்மனியிலிருந்து வந்தாலும் ஜாஃப்னாவிலிருந்து வந்தாலும் சட்டம் ஒன்றே.

ஒரு விலக்கு உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவனே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை மாறிவிடும். இதைப் பொருளர் எழுதியே வைத்துக்கொள்வது நல்லது.

சரி, மேற்கு. ஜெர்மன் சபைகள் விருந்தாளிகளை நன்றாகக் கவனிப்பார்கள், கடிதத்துக்குப் பதில் போடுவார்கள், எதையும் ஓராண்டு முன்பே திட்டமிடுவார்கள். நமக்குத் திட்டம் என்பது போன வாரம் போட்டது. சிக்கல் அங்கே தொடங்குகிறது. நம் ஆராதனை காலை எட்டரைக்கு என்றால் அவர்களுக்குக் கோடையில் விடியற்காலை ஐந்து, குளிர்காலத்தில் நான்கு. வீடியோவில் சேர்ந்து ஆராதிக்கலாம் என்பதெல்லாம் பேச்சோடு சரி. ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் கையிலேயே முழு உறவும் நிற்கும். அவர்கள் சென்னைக்கு மாற்றலானால் கடிதமும் நின்றுவிடும். நேரில் வருகிறவர்களுக்குக் கானாடுகாத்தான் அரண்மனையும் ஆத்தங்குடித் தரையும் பர்மா தேக்குத் தூணும் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். சபைக்குக் கிடைப்பது ஒரு பூமாலை, ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ. அதைவிடக் கஷ்டம் என்னவென்றால், நம் பக்கம் கை நீட்டியே பழகிவிட்டோம், அவர்கள் பக்கம் கொடுத்தே பழகிவிட்டார்கள். இந்த உறவு வேண்டுமென்றால், பல சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கிற பேராயம், திருமண்டலம் மூலமாகப் போவதே சரி. தனிச் சபைக்கு இது தாங்காது.

சிங்கப்பூர், மலேசியா பாதிச் சொந்தம். செட்டிநாட்டில் அந்தக் கரைக்குப் போய்வராத தெரு ஏது? அங்கே தமிழ் மெதடிஸ்ட் சபைகள் இருக்கின்றன. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் ஆலயம் தரங்கம்பாடி மிஷன் வழிவந்த தமிழ் லுத்தரன்களின் கிளை. இரண்டரை மணி நேர வித்தியாசம்தான். ஆனால் அங்கே வேலைக்குப் போனவர்கள் பர்மிட் முடிந்தால் திரும்பிவிடுவார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகள் ஆங்கில ஆராதனைக்குப் போகிறார்கள். உறவு சபையோடு இருக்காது, இரண்டு மூன்று குடும்பங்களோடு இருக்கும். குறையில்லை, ஆனால் அதைச் சபை உறவு என்று தீர்மானம் போட வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1834-இல் மதுரைக்கு மிஷனரிகள் வந்ததே யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷனிலிருந்துதான். யாழ்ப்பாணத் திருமண்டலம் 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையின் ஓர் அங்கம். நாடு வேறு, சபை ஒன்று. அதே ஆராதனை முறை, அதே வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகள். கடிகாரத்தில் ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை. இங்கே பாடகர் குழு வெள்ளி மாலை பயிற்சிக்கு உட்காரும்போது அங்கேயும் வீடியோ போனைப் போட்டுவிட்டால் போதும். அவர்கள் இழுக்கிற இடத்தில் நம்மவர்கள் வெட்டுவார்கள், அது வேறு கதை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிக்கொள்ளலாம்; பெண்கள் ஐக்கிய சங்கம் ஒரே ஜெபக் குறிப்பை இரண்டு கரையிலும் வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கர்களுக்கு இது புதிதல்ல: கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரைச் சனங்களும் ஆண்டுதோறும் சேர்ந்து பூசை காண்கிறார்கள்.

இங்கே சங்கடமும் உண்டு. அவர்கள் போரைக் கண்டவர்கள். நாம் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஆளுக்கொரு அரசியல் கருத்து வைத்திருக்கிறோம். முதல் சந்திப்பிலேயே அதை அவிழ்த்துவிட்டால் உறவு அங்கேயே முடிந்துவிடும். அவர்களே பேசுகிறவரை நாம் கேட்காமலிருப்பது நல்லது. இங்கிருந்து சபை நிதியை அங்கே அனுப்புவதும் ரிசர்வ் வங்கி விதிப்படி லேசான காரியமில்லை. அதனால் இரண்டு பக்கமும் காசைத் தொடாமலேயே தொடங்கிவிடலாம், எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

எந்த நாட்டிலிருந்து ஆள் வந்தாலும் ஒன்று கவனிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் பண்ணக் கூடாது. ஆர்வக்கோளாறில் மேடையேற்றி முகநூலில் போட்டு அவரை மாட்டிவிடாதீர்கள்.

நாம் யாழ்ப்பாணம் போவதென்றால் பட்டுக்கோட்டை வழியாக நாகப்பட்டினம் போய், அந்தக் கரையிலுள்ள காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் ஓடாது. கிறிஸ்துமஸுக்குப் போகலாம் என்று வாலிபர் சங்கம் கிளம்பினால், சென்னைக்குப் போய் விமானம் ஏறுகிற செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.