டேங்க் போய்விட்டது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள் – சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன டிசம்பரில் 28,500 ரூபாயைத் தூக்கிக் கொடுத்து ஏமாந்தேன்.

நாங்கள் இருப்பது பெங்களூர் ராமமூர்த்தி நகர். மாடியில் 200 லிட்டர் சோலார், வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடி ட்யூப் 20. ஆறு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. திடீரென்று ஒரு வாரமாகக் காலையில் வெந்நீர் வரவில்லை. பகலெல்லாம் சுள்ளென்று வெயில், விடிந்தால் குழாயில் பச்சைத் தண்ணீர். போனில் தேடி ஒரு சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் டேங்க் மேல் காற்றுப் போக நிற்கும் ஏர் வென்ட் குழாயைக் காட்டினார். அதன் வாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "டேங்க் ஹோகிதெ (போய்விட்டது) மேடம், உள்ளே ஓட்டை. நாலு ட்யூப்பும் போச்சு" என்றார். ஓட்டை என்றால் கீழேதானே ஒழுக வேண்டும், உச்சியில் எப்படி வழியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. புது டேங்க், நாலு ட்யூப், கூலி. பழைய டேங்கை 1,500 ரூபாய்க்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். பில் கேட்டதற்கு, ஜி.எஸ்.டி. தனியாக ஆகும் என்றார். சரி, வேண்டாம் என்றேன். அது இன்னொரு முட்டாள்தனம்.

மூன்றாம் நாளே மறுபடி பச்சைத் தண்ணீர். போன் செய்தால் எடுக்கவில்லை.

அப்புறம் எதிர்வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணகிரிக்காரப் பிளம்பர் தம்பியைக் கூப்பிட்டேன். மாடிக்கே போகாமல் அவர் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, பிரஷர் பம்ப் எப்ப போட்டீங்க?" நவம்பரில். ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது என்று போட்டது. அதுவும் பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும். எங்கள் சோலார் டேங்க் பம்ப் அழுத்தத்தைத் தாங்கும் ரகம் இல்லை.

பாத்ரூமில் என் மகன் குளித்துவிட்டு ஹேண்ட் ஷவரின் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டு வருவான். மிக்சர் குழாயின் இரண்டு திருகும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் மிக்சருக்குள் ஒன்று சேர்ந்துவிடும். பம்ப் தள்ளுகிற பச்சைத் தண்ணீர், இறங்கி வர வேண்டிய சுடுதண்ணீர்க் குழாயிலேயே எதிர்த்து ஏறி, டேங்கின் மேல்பாகத்தில் இருக்கும் சூட்டைக் கெடுத்து, வென்ட் வழியே வழியும். ராத்திரி யாரும் குழாய் திறக்காதபோதும் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான்தான் பொருட்படுத்தவில்லை.

தம்பி நிரூபித்தும் காட்டினார். சோலாருக்குள் பச்சைத் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டு, சமையலறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவே இல்லை. மிக்சரின் திருகுகளை மூடியதும் மெலிந்து நின்றுவிட்டது. சுடுதண்ணீர் லைனில், எதிர்த்து ஏறாதபடி ஒரு நான் ரிட்டர்ன் வால்வ் போட்டார். கூலியோடு 900 ரூபாய்.

கிளம்பும்போது கைப்பிடிச் சுவரோரம் சாய்த்திருந்த நாலு பழைய ட்யூப்களைப் பார்த்துச் சிரித்தார். ட்யூபின் அடிமுனையில் உள்ளே வெள்ளி பூசினாற்போலப் பளபளக்கும். ட்யூபின் இரட்டைச் சுவருக்கு நடுவே உள்ள வேக்குவம் (வெற்றிடம்) போய்விட்டால் அந்த இடம் பால்போல வெளுத்துவிடுமாம். நாலும் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம் என்று பார்த்தால், பில் எங்கே? அந்த நாலு ட்யூப்களும் மாடியிலேயேதான் இருக்கின்றன. அளவு ஒன்றுதான், ஏதாவது உடைந்தால் போட்டுக்கொள்ளலாம்.