கட்டமா, வட்டமா?

ஆள் வரையப் பழக இரண்டு வழி. போட்டோ மேல் கட்டம் போட்டுப் பார்த்து வரைந்தால் முகச்சாயல் சீக்கிரம் வந்துவிடும். பேனர் ஓவியர்கள் நம்பிய முறை. ஆனால் அதே ஆளைத் திரும்பி நிற்க வை என்றால் கை நின்றுவிடும்.

வட்டம், முட்டை, உருளை, பெட்டி என்று உடலைப் பிரித்துப் பழகுவது மெதுவானது. முதலில் எல்லாம் பொம்மை மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். காசிமேட்டில் வலை சரிசெய்பவரின் குனிந்த முதுகையும், வியாசர்பாடியில் பந்தை உதைக்கும் காலையும் சட்டென்று பிடிக்க இதுதான் உதவும். மார்புக்கூடு முட்டை, இடுப்பு பெட்டி. இரண்டும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று முதலில் பாருங்கள். நிற்கும் வளர்ந்த ஆளின் உயரம் அவர் தலையின் உயரத்தைப் போல் சுமார் 7.5 மடங்கு. கண்கள் தலையின் நடுவில் வரும். பலரும் மேலே தள்ளிவிடுகிறார்கள்.

பிறந்தநாள் பரிசுக்கு ஒரு முகம்தான் வேண்டுமா? சரி, கட்டமே போடுங்கள்.